ஏழு அடுக்கு மெத்தை

ஒரு ராத்திரித் தூக்கம் எண்ணூறு. ரொக்கம் மட்டும்தான். பில் கிடையாது, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரவும் முடியாது.

மகள் இதைச் சொன்னபோது மெத்தைக்கடைக்காரர் தன் மனைவியின் தோள்களுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து அவளைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆட்கள் வருவதற்குள் விரிப்பை மாற்றவேண்டும். உயிர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. விடியும்போது, தூக்கத்திலேயே போய்விட்டாள். பழைய விரிப்பை மகள் உருவியதும் மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி உருண்டு தரையில் விழுந்தது. கட்டைவிரல் உயரம் இருக்கும். உடையவில்லை.

அவர் கேட்டார். மகள் பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டுமே. கஞ்சா எண்ணெய் என்றாள். மூன்று மாதமாக ராத்திரி ஆறு சொட்டு, நாக்குக்கு அடியில். கணக்குப் பார்த்தால் ஒரு ராத்திரிக்கு எண்ணூறு விழுகிறது.

"மொத்தமா வாங்கினா குறைச்சுத் தரமாட்டானா?" என்றார் அவர்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நாற்பது வருஷம் பேரம் பேசிய வாய்; முதலாளி வந்து சேருவதற்கு முன்பே கடையைத் திறந்துவிடும். மகளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பில் சேர்த்தியா, அழுகையில் சேர்த்தியா என்று அவரால் பிரிக்கமுடியவில்லை. தாங்கிய உடம்பு கையில் கனத்தது. மெதுவாகக் கிடத்தினார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஒரு பக்கத்து இடி, அவள் படுத்திருந்த மெத்தை. புற்றுநோயின் வலி முதுகெலும்பில் இறங்கி ஒரு வாரம் அவள் கண் மூடாமல் கிடந்தபோது, கடையில் இருப்பதிலேயே விலை கூடினதை, மூன்று வருஷமாக ஒருவரும் சீந்தாத ஏழு அடுக்கு மெத்தையை வீட்டுக்கு இறக்கினார். நான்காவது ராத்திரி அவள் தூங்கினாள். காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "சரக்கு நல்லாத்தான் இருக்கு, கடைக்காரரே" என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அதே கேள்வி, அதே பதில். அவர் அதைக் கடையில் சொன்னார். இவ்வளவு பெரிய சீக்கில் கிடக்கிற என் பெண்டாட்டியே இதில்தான் தூங்குகிறாள் என்று சொன்னால் எப்பேர்ப்பட்ட பேரக்காரனும் வாயை மூடிக்கொள்வான். மூன்று மாதத்தில் பதினொரு மெத்தை போனது. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லை. அவர் தொழிலில் இது அபூர்வம்.

இன்னொரு பக்கத்து இடி, கடை வாசலில் அவரே எழுதி மாட்டிய பலகை: 'எங்கள் தெருவில் வேண்டாம்.' கஞ்சாவுக்கு உரிமம் கொடுத்துக் கடையில் வைத்து விற்கலாமா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தொலைக்காட்சியில் தினமும் நாலு பேர் கத்தினார்கள். முடிவெட்டுகிற இடத்தில் எல்லோரும் டாக்டர், பஸ்ஸில் எல்லோரும் வக்கீல். கூடாது என்று கையெழுத்து வாங்கிய வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வீம்புக்குச் செய்யவில்லை. இருபது வயதில் அதை இழுக்க ஆரம்பித்த தம்பி, இருபத்து மூன்றில் நாலு ராத்திரி தொடர்ந்து தூங்காமல் சுவரோடு பேசினான். அதனால்தானா, கூடப் பிறந்த கோளாறா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. எப்படியோ, இன்று காப்பகத்தில் இருக்கிறான். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிற அண்ணனிடம், நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்பான்.

தம்பியின் தூக்கத்தைத் தின்ற சரக்கு இவளுக்குத் தூக்கம் கொடுத்ததாம். ஒரே சரக்குக்கு இரண்டு குணம் இருக்கலாம் என்பது அவர் வியாபாரத்தில் இதுவரை வராத சங்கதி.

"அவளுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஆஸ்பத்திரி மாத்திரை வயித்துல தங்கலை, எல்லாம் வாந்தி."

"கையெழுத்துப் போட்டாளேம்மா. என் பேருக்கு அடுத்த பேரே அவளோடதுதானே."

"நீங்க நீட்டினீங்க, போட்டாங்க." மகள் புது விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "மெத்தைன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்னு சொன்னாங்கப்பா. அந்த மனுஷன் மூஞ்சியில வெளிச்சம் வந்து எத்தனை நாளாச்சு, அதைப் போய்க் கெடுக்காதேன்னாங்க."

கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியாமல், விலாசம் இல்லாத பார்சல் மாதிரி உள்ளேயே கிடந்தது. மகள் மேலா? அம்மாவைத் தூங்கவைத்தவள். படுத்திருப்பவள் மேலா? அந்த முகத்தைப் பார்த்து யாராலும் முடியாது. மெத்தையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உத்தரவாதச் சீட்டில் எழுதியிருந்தபடியே மெதுவாக எழும்பியது.

மகள் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் இரண்டு ராத்திரிக்கு இருக்கும் என்றாள். சாக்கடையில் ஊற்றுவதுதான் முறை. யாராவது பார்த்தால் பெண்ணுக்குச் சிறை. அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவரைக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். கடையிலிருந்து நாற்காலிகள் வந்தன. சங்கச் செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார், நிஜமாகவே அழுதார். பிறகு, நாளை மனுக் கொடுக்கும்போது அண்ணியின் பெயரையும் சொல்லிவிடலாமா, சாகக் கிடந்தவள் போட்ட கையெழுத்து என்றால் அதன் எடையே வேறு என்றார். இவ்வளவு கூட்டம் வருகிறதே, கையெழுத்து வாங்க ஒரு தாள் இங்கேயும் இருக்கட்டும் என்று அவர் மடியில் ஒன்றை வைத்துவிட்டும் போனார். வியாபாரி வியாபாரிதான். இதில் தப்புச் சொல்ல, காலையில் தான் பேசிய பேச்சுக்குப் பிறகு, தனக்கு யோக்கியதை இல்லை என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஒரு பஸ் டிரைவர் வந்தார், வேலைச் சட்டையோடு. ஐந்து வாரத்துக்கு முன் தவணையில் ஏழு அடுக்கு மெத்தை வாங்கியவர். தாய்க்கு இதே சீக்கு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை முட்டியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாதுண்ணே. அண்ணிக்கு எத்தனை நாள்ல தூக்கம் வந்துச்சு? எங்கம்மா இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. மெத்தை பழகணுமோ?"

பழக ஒரு மாதம் ஆகும். ஆயிரம் பேரிடம் சொன்ன வாசகம், நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சட்டைப்பையில் புட்டி விலா எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. உண்மையை விழுங்கினால் அந்தத் தாய் இன்னும் ஒரு மாதம் கத்துவாள். துப்பினால் மகள் மாட்டுவாள், பலகை விழும், தம்பி இருக்கிற இடத்துக்கு நாலு பிள்ளைகள் போனால் அந்தப் பழியும் தன் தலையில்.

"மெத்தை இல்லப்பா" என்றார்.

டிரைவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு தொப்பி சுற்றுவது நின்றது.

"ஒருத்தன் எண்ணூறு சொன்னான்ணே" என்றார், குரலைத் தாழ்த்தி. "வாங்கத்தான் கிளம்பினேன். வழியில உங்க போர்டைப் பாத்தேன். நாலும் தெரிஞ்சவரு வேண்டாங்கறாரேன்னு, அந்தக் காசை உங்க கடையிலயே கட்டிட்டேன்."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவர் கை சட்டைப்பைக்குப் போய், பாதி வழியில் மனம் மாறி, நெஞ்சைத் தடவியது.

"நெஞ்சு வலிக்குதாண்ணே?"

இல்லை என்று தலையாட்டினார். டிரைவர் வெகுநேரம் எழுந்து போகவில்லை.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. நாலு பேர் அவளைத் தூக்கினார்கள். அவள் கிடந்த இடத்தில், தலை, தோள், இடுப்பு என்று ஒரு பள்ளம் தெரிந்தது. அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, மெத்தை மட்டமாகிவிட்டது. நல்ல சரக்கு, பள்ளம் நிற்காது. அவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். செயலாளர் வைத்துவிட்டுப் போன தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஏழு அடுக்கு மெத்தை வாங்கியவர்களின் விலாசங்களை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். தையல்கார அம்மாள், பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு. தண்டவாளம் ஓரம், மாடி, முதுகுவலிக்காரர். பஸ் டிரைவர், தாய். வெளியே மகள் அவரைக் கூப்பிட்டாள். வண்டி நிற்கிறது என்றாள். அவர் எழுதி முடித்து ஒன்றை மட்டும் அடித்தார். கோடு போட்டு, அதன் கீழே வழக்கம்போலத் தொகை கட்டினார்.

வீடு பதினொன்று. சொன்னது ஒன்று. பாக்கி பத்து.

பேனாவை மூடப்போனவர், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு வரி சேர்த்தார்.

இருப்பு: ராத்திரி இரண்டு.