அணைக்க முடியாத வேன்

என் வேன் சமையல் எண்ணெயில் ஓடும். உணவகங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, பழைய வேட்டியில் வடிகட்டி ஊற்றுவேன். ஒரே ஒரு நிபந்தனை. வண்டியை அணைக்கும் முன் டீசலுக்கென்று இருக்கும் சின்னத் தொட்டிக்கு மாற்றி, கொஞ்ச நேரம் அதில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் குளிரில் எண்ணெய் குழாய்க்குள்ளேயே உறைந்து, எஞ்சின் ஜென்மத்துக்கும் கிளம்பாது.

இந்தக் குளிர் தொடங்கிய அன்று பார்த்தால் சின்னத் தொட்டி காலி. அப்படியே பெட்ரோல் பங்க்குக்கு விட்டேன்.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்க பெரியவரே. அப்பத்தான் டீசல்," என்றார் பங்க்குக்காரர்.

"டீசல் போட்டாத்தான்யா ஆஃப் பண்ண முடியும்."

"ரூல்ஸ் அப்படி. கேன்லயும் தர மாட்டோம்."

அன்றிலிருந்து நான் வண்டிக்குள்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் இருமி நிற்கப் பார்க்கும், அதனால் இறங்கவும் வழியில்லை. உணவகக்காரர்கள் கூடவே ஓடிவந்து எண்ணெய் ஊற்றப் பழகிவிட்டார்கள். முடிவெட்டுபவர் பக்கத்து சீட்டில் ஏறி, வேலையை முடித்து, அடுத்த தெருவில் இறங்கிக்கொள்கிறார். சாப்பாடு மட்டும் மனைவி கையால், ஜன்னல் வழியாக.

நேற்று வாசலில் வேகத்தைக் குறைத்து அவளிடம் கெஞ்சினேன்.

"கொஞ்ச நேரம் நீ வந்து இதை மிதிச்சுக்கோம்மா. நான் இறங்கிக் காலை நீட்டிட்டு வந்துடறேன்."

அவள் காலித் தட்டை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இறங்கினா, திரும்பி ஏறுவீங்களா?"

இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளிடம் பொய் எடுபடாது. கியரைப் போட்டேன்.