அடியிலைக் கரும்புள்ளி

ரோஜாப் பாத்தியைச் சுற்றி நின்றது நாலு பேர்தான், பங்களா எசமான் குத்தாலிங்கம் பிள்ளை, செடிக்கு மருந்தடிக்கிற மசூது, கூட்டிப் பெருக்குகிற உலகம்மை, தண்ணீர் பாய்ச்சுகிற பலவேசம், தான் வாயைத் திறந்தால் தன் வேலை போகும், திறக்காவிட்டால் மசூதின் வேலை போகும், அப்புறம் எதற்குத் திறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான் பலவேசம். ஐந்தருவிப் பக்கமிருந்து சாரல் பறந்து வந்து பிள்ளையின் கண்ணாடியில் விழுந்தது, அவர் துடைக்கவில்லை, ஓர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது செடியும் இலை உதிர்த்து முள்ளாக நின்றன. மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலக்கையில் மசூது அளவு தப்பிவிட்டான், மருந்து தூக்கலாகி இலை வெந்துவிட்டது, இது அவர் தீர்ப்பு. தப்பு, பலவேசத்துக்குத் தெரியும். மருந்தில் வெந்த இலை ஓரத்தில் கருகும், நுனி சுருளும், கொழுந்துதான் முதலில் போகும். இது அடியிலையில் தொடங்கியது, வட்ட வட்டமாய்க் கரும்புள்ளி, விளிம்பு பிசிறு பிசிறாய், சுற்றிலும் மஞ்சள்... நோய். போன வருடமே மசூது காட்டினான், இப்படி உதிர்ந்ததை ஒன்று விடாமல் பொறுக்கி எரித்துவிடு, மண்ணில் கிடந்தால் சாரலில் தெறித்துத் திரும்ப ஏறும் என்றான்.

எரித்தானா பலவேசம்? கூடை கூடையாய்த் தழை, அதைப் போய் யார் எரிப்பார்கள், அச்சன்புதூரில் வயலில் மிதிக்கவென்று மலையடிவாரம் வரை நடந்து கொழிஞ்சித் தழை சுமந்தவர் அவன் அப்பா, தழைக்குத் தீ வைக்கிறவன் வெள்ளாமை பார்க்கிற சம்சாரியா என்று... கை தானாக மண்வெட்டியை எடுத்தது, ஒவ்வொரு செடியின் தூரிலும் தோண்டிப் புதைத்தான், உரமாகட்டும் என்று, நல்லது செய்த நினைப்பில் அன்றைக்கு நன்றாகத் தூங்கக்கூடச் செய்தான். சொல்லிவிடலாமா? சொன்னால் எங்கே போவது, ஆலையில் ராத்திரி ஷிப்டு ஒத்துக்கொள்ளாமல் ஓடி வந்தவனைத் திரும்ப யார் சேர்ப்பார்கள், மசூதுக்குத் தென்காசியில் அண்ணன் தறி இருக்கிறது, உட்கார்ந்து நெய்வான், பிழைத்துக்கொள்வான், தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல்தானே அவன் இங்கே வந்தான், அது இப்போது எதற்கு... "மூணு வருசமா இந்த மருந்தத்தான அடிக்கான், இப்ப மட்டும் கை தப்பிட்டாக்கும்?" என்றாள் உலகம்மை. பிள்ளை அவளை வாரியலை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மசூது இரண்டு பேரையும் பார்க்கவில்லை, பலவேசத்தின் பக்கம் திரும்பினான்.

"ஏலே பலவேசம், தழைய எரிச்சியா?"

"எரிச்சாச்சு."

எவ்வளவு சுளுவாக வந்துவிட்டது. "சரிலே" என்றான் மசூது, அவ்வளவுதான், மருந்து பம்பைக் கழுவிக் கவிழ்த்தான், சாரத்தை மடித்துக் கட்டினான். இனி இவன் வரவேண்டாம், வெளியே விட்டுக் கதவைப் பூட்டு என்று பலவேசத்திடம் சொல்லிவிட்டுப் பிள்ளை உள்ளே போனார்.

பலவேசம் பின்னால் நடந்தான். மசூது பாத்தியின் மேல்தான் நின்றான், பெருவிரலால் ஒரு கிளறு கிளறியிருந்தால் போதும், அழுகின தழை வெளியே வந்திருக்கும், கொத்தின மண் எது கொத்தாத மண் எது என்று அவனுக்குத் தெரியாதா? நம்பித்தான் சரி என்றானா, தெரிந்தே சரி என்றானா, இரண்டில் எது தாங்கும்? நாளைக்கே தழையைத் தோண்டி எடுத்துவிடலாம், எடுத்தால் செடி தழைக்கும், தழைத்தால் மருந்துதான் குற்றம், மசூது போனதும் செடி பிழைத்தது என்று பிள்ளை ஊரெல்லாம் சொல்வார், எடுக்காவிட்டால் அடுத்த சாரலில் தன் தலை... கதவைத் தாண்டினவன் திரும்பினான். "எலய நனைக்காம தூருல தண்ணி விடு" என்றான் மசூது.

பலவேசம் கதவைச் சாத்திப் பூட்டினான்.