கீழ்க்கணக்கு

1.
இந்தக் கதை திருட்டுச் சரக்கு. மெரினா பேச்சுவாக்கில் சொன்னதை, அவளிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். இலங்கையில், பெல்மதுளை டவுனில் இரும்புக்கடைக்கு மேல்மாடியிலிருந்த அந்த ஆபீசில் நானும் பதினொரு வாரம் இரவு வேலை பார்த்தேன். பிறகு போகவில்லை. காரணம் இங்கே தேவையில்லை. பகல் வேலையிலிருந்த மெரினா தாக்குப்பிடித்தாள். ஆகவே கதை அவளுடையது.

முதல் வரி: பனி மூடிய தேயிலைச் சரிவைப் பார்த்தபடி மெரினா

வேண்டாம். அந்த ஆபீசில் ஜன்னலே கிடையாது.

2.
மறுபடியும். மெரினாவின் ஆறு மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமை முடிகிறது. நிரந்தரமா, வீடா என்பதை ஒரு பட்டியல் தீர்மானிக்கும். இணையக் கடையொன்று மழைக்கோட்டை அரை விலைக்குப் போடுகிறது. அதை வாங்கக்கூடிய ஆயிரம் வாடிக்கையாளர்களைப் பிரித்துத் தரவேண்டும்.

(எப்படி என்றால்: பொருளின் எண்ணை ஒரு கோப்பில் எழுத வேண்டும். எத்தனை பேர் வேண்டும், யாரை விலக்க வேண்டும், விடையை எங்கே வைக்க வேண்டும் என்று கிளவுட் சேவைக்குச் சொல்லிவிட்டு ஓடவிட வேண்டும். யார் எதை வாங்கினார்கள் என்று பார்த்துப் பழகிய ஒரு மாடல் ஆட்களை வரிசைப்படுத்தித் தரும். தெரிந்தவர்கள் இந்த அடைப்பைத் தாண்டிப் போகலாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.)

செவ்வாய் காலை ஓடவிட்டாள். அனுமதி இல்லை என்று நின்றது. அனுமதி கொடுத்து மறுபடி ஓடவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் பட்டியல் வந்தது. முதலிடத்தில் இருந்தவர் ஒரே வருடத்தில் முந்நூற்றுப் பதினொரு மழைக்கோட்டு வாங்கியிருந்தார்.

3.
"யாவாரி," என்றான் டீம் லீடர் சுதர்சன். கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். "அம்பதுக்கு மேல வாங்கின ஆக்களை வெட்டுங்க. ஒரு ஃபில்டர் போட்டா முடிஞ்சுது."

"பேரைப் பாத்தீங்களா சேர்? பலாக்கொல்லை, கீழ்க்கணக்கு."

"கிளைக் கணக்குத்தானே? தெரேசம்மா கீழ்க்கணக்கு, ஏழுமலை கீழ்க்கணக்கு என்டு அந்த யாவாரி வேற வேற பேர்ல திறந்து வச்சிருந்தான். நான்தான் எல்லாத்தையும் ஒண்டாக்கினது."

"தெரேசம்மா எங்க அம்மா சேர்."

"அம்மாக்கும் கணக்கு இருக்கா?"

"கணக்குலதான் சேர் அம்மா குடியிருக்காங்க."

பலாக்கொல்லை ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தில் கணக்கு என்றால் டிவிஷன், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவு. மேல்கணக்கில் கொஞ்சம் லயன்கள் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்), கீழ்க்கணக்கில் கொஞ்சம் லயன்கள். லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லாததால் எல்லோரும் பெயரோடு கணக்கின் பெயரையே எழுதுகிறார்கள்.

"ஒரே ஆள் முந்நூறு ரெயின்கோட் வாங்குவானா மெரினா?"

"முந்நூறு பேரா இருந்தா வாங்குவாங்க சேர்."

[இங்கே அவள் கண் கலங்கியது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் சிரித்தாள். சுதர்சனின் முகத்தைப் பார்த்தே சிரித்தாள்.]

4.
பட்டியலை மட்டும் திருத்திப் பயனில்லை. மாடலே பிழையைப் படித்துத்தான் பழகியிருந்தது. சுதர்சன் ஒன்றாக்குவதற்கு முந்தைய தரவுப் பிரதியை எடுத்து, ஒன்றாக்கிய ஆளை இருநூற்று எண்பத்தெட்டு ஆட்களாகப் பிரித்து, மாடலை முதலிலிருந்து பழக்க வேண்டும். கையில் இரண்டு நாள்.

"பிழையாப் போனா உங்கட பேர்லதான்," என்றான் சுதர்சன்.

"சரி சேர். சரியா வந்தாலும் என் பேர்லதான்."

வியாழன் பகல் ஓடவிட்டாள். ஆயிரம் பேர் வந்தார்கள். பலாக்கொல்லை கீழ்க்கணக்கிலிருந்து மட்டும் நூற்று நாற்பது பேர், ஒவ்வொருவரும் சொந்தப் பெயரோடு. வெள்ளி காலை அத்தனை போனுக்கும் செய்தி போனது. மதியத்துக்குள் அந்த நூற்று நாற்பதில் அறுபத்து மூன்று பேர் வாங்கிவிட்டார்கள். வேறெந்த ஊரும் கிட்டே நெருங்கவில்லை.

5.
முதல் முடிவு: சுதர்சன் மன்னிப்புக் கேட்டான். பொய். ஒன்றாக்கியதையெல்லாம், மற்றத் தோட்டங்களின் கணக்குகளையும் சேர்த்து, அவனே உட்கார்ந்து பிரித்தான். மன்னிப்பைவிட அது நல்லது.

இரண்டாவது: மூன்று மணிக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. இது உண்மை. கடிதத்தோடு கதையை முடித்திருப்பேன், நாலு மணிக்கு அவளுடைய அம்மா போன் அடிக்காமல் இருந்திருந்தால்.

"ஏ புள்ள, போன்ல என்னமோ வந்திருக்கு. 'தெரேசம்மா அவர்களே'ன்னு. என் பேரு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாந்தாம்மா அனுப்புனேன்."

"பெத்தவளுக்கு என்னடி அவர்களே?"

"எல்லாருக்கும் அப்பிடித்தாம்மா. வாங்குவியா? நீ வாங்குவேன்னு மெஷின் சொல்லுது."

"மெஷினா வந்து கொழுந்து பறிக்குது? படங்கு இன்னும் கிழியல." (படங்கு: மழைக்கும் ஈரத்துக்கும் இடுப்பில் கட்டும் தார்ப்பாய்த் துண்டு.) "ஹரி, பாப்போம்." (ஹரி: சிங்களத்தில் சரி.)

வாங்கினாரா என்று மெரினா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்களே வாங்க வையுங்கள், அல்லது மாட்டேன் என்று சொல்ல வையுங்கள். ஒரே நிபந்தனை: எதைச் செய்தாலும் தெரேசம்மா தனி ஆளாகச் செய்ததாக இருக்கட்டும்.