பதினான்காம் மாடிக் குளிர்

"அம்மா, உங்க ஆபீஸ் என்ன, கேமரன் மலைக் குளிர்லயா இருக்கு?"

பள்ளி விடுமுறையில் ஒருநாள், வேலைக்குப் புறப்பட்ட சுபத்ராவின் பையில் கம்பளிச் சட்டையைப் பார்த்துவிட்டு மகள் லோஷினி கேட்ட கேள்வி அது. அவர்கள் குடியிருந்த செனாயில் காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது. சுபத்ரா சிரித்துச் சமாளித்துவிட்டுக் காரில் ஏறினாள். ஜொகூர் பாரு நகரத்துக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

அங்கே இருபது மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு அவள் பொறுப்பு. புகைபோக்கி இல்லாத, கண்ணாடியில் பளபளக்கும் கட்டடம்தான். ஆனாலும் அது இழுக்கும் மின்சாரத்துக்காக எங்கோ கடலோரத்தில் நிலக்கரி எரிந்தது. அந்தக் கரிப்புகையும் கட்டடத்தின் கணக்கில்தான் சேரும் என்று உரிமையாளர்கள் உணர்ந்து, அதைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். சுபத்ரா பழைய விளக்குகளை மாற்றினாள். வெயில் விழும் பக்கமெல்லாம் திரை போட்டாள். மற்ற மாடிகள் எல்லாம் வழிக்கு வந்தன. பதினான்காம் மாடி மட்டும் வரவில்லை. எவ்வளவு குளிர் அனுப்பினாலும் அந்த மாடி இன்னும் இன்னும் என்று கேட்டது. அந்த ஒன்றுக்காகக் கீழே இருந்த பெரிய குளிரூட்டி இயந்திரம் மூச்சுவிட நேரமின்றி ஓடியது.

வாடகைதாரர் கூட்டத்தில் உரிமையாளர்களின் பிரதிநிதி திவாகரன் பட்டென்று சொல்லிவிட்டார்.

"இந்த மாசமும் குறையலன்னா பராமரிப்ப வேற கம்பெனிக்குக் குடுத்துருவோம் சுபத்ரா. சாரி லா."

சுபத்ராவோடு சேர்ந்து அவளுடைய ஆட்களுக்கும் வேலை போய்விடும். அப்போது பின்வரிசையிலிருந்து நாச்சாள் எழுந்தார். பதினான்காம் மாடியில் மசாலாப் பொருள் இறக்குமதி செய்பவர். வயது ஐம்பதுதான், செட்டிநாட்டுக் குடும்பம் என்பதால் கட்டடம் முழுவதற்கும் அவர் ஆச்சி.

"ஏன் தம்பி, உங்க வீட்டு கரண்டு பில்ல மொதல்ல குறைச்சுக் காட்டுங்களேன் பாப்போம். இந்தப் பொண்ணு நாயா அலையுது. இன்னும் ரெண்டு மாசம் குடுங்க. இல்லன்னா நானும் பொட்டியக் கட்டிக்கிட்டுப் போறேன்."

"ஐயோ, அலமாக், ஆச்சி!" திவாகரன் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் சிரித்தது. இரண்டு மாதம் கிடைத்தது.

நன்றி சொல்ல அடுத்த வெள்ளிக்கிழமை சுபத்ரா பதினான்காம் மாடிக்குப் போனாள். கதவைத் திறந்ததும் பல் கிட்டியது. எல்லாரும் கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தார்கள். கிழக்குச் சுவரோரம், முறைப்படி அனுமதி வாங்கி வைத்த சுவாமி மாடத்தில் மூன்று விளக்குகள் எரிந்தன.

"முன்ன ஒரு விளக்குதான் ஏத்துவேன்," என்றார் ஆச்சி, முகமெல்லாம் பூரிப்பாக. "இப்ப சனங்களுக்குப் பக்தி கூடிருச்சும்மா! எந்நேரமும் சாமி முன்னாடிதான் நிக்கிறாங்க. அதான் நானும் விளக்கக் கூட்டிட்டேன். கணக்கு பாக்குற மெய் லிங் கூட மணிக்கொரு தடவ வந்துர்றா."

சொல்லி வாய் மூடுமுன் மெய் லிங் வந்தாள். தீபத்தின் மேல் உள்ளங்கையைக் காட்டினாள். பிறகு திருப்பிப் புறங்கையையும் காட்டினாள்.

சுபத்ரா சிரிப்பை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். சுடர்களுக்கு நேர்மேலே, சுவரில், அறையின் வெப்பத்தை அளக்கும் சென்சார் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய ஆட்கள் ஒட்டியதுதான். விளக்குச் சூடு பட்டு, மாடியே தகிக்கிறது என்று அது நம்பிவிட்டது. குளிர் கூடியது, குளிர்காய ஆட்கள் கூடினார்கள், ஆட்களைப் பார்த்து ஆச்சி விளக்கைக் கூட்டினார்.

சொல்ல வாயெடுத்தாள். தனக்காகக் கூட்டத்தில் எழுந்து நின்ற அந்த முகத்தின் பூரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆச்சி நீட்டிய பிரசாதச் சுண்டலை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மறுநாள் அலுவலகம் மூடியிருந்தது. தன் சாவியோடு தனியே போய், சென்சாரைப் பெயர்த்து எதிர்ச்சுவரில் ஒட்டினாள்.

மாதம் முடிந்தபோது திவாகரனே இறங்கி வந்தார். "எப்படி லா குறைச்சீங்க?"

"சென்சார் வச்ச இடம் சரியில்ல சார். எங்க தப்புதான். மாத்திட்டோம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுடைய ஆட்களின் வேலை நிலைத்தது. இயந்திரத்துக்கும் இளைப்பாற நேரம் கிடைத்தது.

பதினான்காம் மாடியின் கம்பளிகள் வீட்டுக்குப் போயின. கூடவே மாடத்துக் கூட்டமும் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? குளிருக்கு ஒதுங்கியவர்களையும் தெய்வம் அன்போடுதான் பார்த்திருக்கும்.

ஒருநாள் லிஃப்டில் ஆச்சி மெதுவாகக் கேட்டார். "இப்பெல்லாம் சாமிகிட்ட ஒருத்தரும் வர்றதில்லம்மா. நான் ஏதும் குறை வச்சுட்டேனா?"

"உங்ககிட்ட என்ன குறை ஆச்சி," என்றாள் சுபத்ரா. தன் வேலையைக் காப்பாற்றித் தந்தவரின் மகிழ்ச்சியைத் தான் எடுத்துக்கொண்டது போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, கட்டடத்தில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன், சுபத்ரா அந்த மாடியின் கதவைத் திறந்தாள். மாடத்தைத் துடைத்தாள். விளக்குகளில் எண்ணெய் விட்டுப் புதுத்திரி போட்டாள். கோயில் வாசலில் வாங்கிவந்த மல்லிகைச் சரத்தைச் சாத்திவிட்டுக் கண்மூடி நின்றாள். ஏற்றும் பாக்கியம் ஆச்சிக்கே இருக்கட்டும் என்று தீப்பெட்டியைத் தொடவில்லை.

தாழ்வாரத்தில் லிஃப்ட் மணி ஒலித்தது. படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"முருகா! யாரு இது, எனக்கு முந்தி வந்து பூ வச்சது?" கதவுக்குப் பின்னால் ஆச்சியின் குரல் துள்ளியது.

விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தபடி சுபத்ரா படியிறங்கினாள்.