சூட்டுக் கொப்புளம்

"வாயைத் திறங்க" என்று டாக்டரம்மா டார்ச்சை அடித்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஈறு முழுக்க வீங்கிச் சிவந்திருந்தது. நாக்கிலும் அண்ணத்திலும் புண், கழுத்தில் நெறி கட்டியிருந்தது. எச்சில் விழுங்குவதே பெரும்பாடு, இதில் பேசுவது எங்கே.

"வைரஸ்தான். முதல் தடவைங்கிறதால இந்தப் பாடு படுத்துது. மாத்திரையில புண் ஆறிடும், ஆனா கிருமி உடம்புலயே தங்கிடும்" என்ற டாக்டரம்மா, பக்கத்தில் இருந்த அவள் கணவனைப் பார்த்தார். "வீட்ல யாருக்காவது உதட்டோரம் கொப்புளம் வந்து வந்து போகுமா?"

"அப்படி யாருக்கும் இல்ல டாக்டர்" என்றான் அவன், பட்டென்று.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். லேசாகக் காய்ச்சலடித்தால் போதும், அவன் உதட்டில் கொப்புளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "சூடுடா கண்ணா" என்று மாமியார் வெண்ணெய் தடவிவிடுவாள். மகனுக்கு வந்தால் சூடு, மருமகளுக்கு வந்தால் நோய். நல்ல நியாயம்!

"பச்சைக்குழந்தை இருந்தா ஜாக்கிரதை. கொப்புளம் வந்தவங்க முத்தமே கொடுக்கக்கூடாது. குழந்தை உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் நாத்தனார் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அன்றிலிருந்து மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்னறை. "எங்க போய் வாங்கிட்டு வந்தாளோ" என்று மாமியார் முணுமுணுத்தது சுவர் தாண்டிக் கேட்டது. மறுத்துப் பேச அவளுக்கு வாயில்லை. அவன் வாய்க்கு என்ன கேடு? மூன்று வேளையும் மாத்திரையைக் கொண்டுவந்து வைத்தான், அவள் கண்ணை மட்டும் பார்க்காமல் போனான்.

ஒரு நாள் மாலை அவன் குரல் கூடத்திலிருந்து வந்தது. "உதடு குறுகுறுங்குதும்மா."

"சூடுதான். வெண்ணெய் வைக்கிறேன், காட்டு."

கொஞ்ச நேரத்தில் நாத்தனாரின் கொஞ்சல். "மாமாகிட்ட போறியா செல்லம்? மாமாவுக்கு ஒரு முத்தா குடு!"

அவள் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு ஓடினாள். குழந்தை அவன் கைக்கு மாறியிருந்தது. அவன் குனிந்துகொண்டிருந்தான்.

"வேணாங்க! முத்தம் வேணாம்!" வார்த்தை குழறித்தான் வந்தது. வாயில் ரத்தம் கரித்தது.

"உள்ள போ நீ! புள்ளைக்கு ஒட்டிக்கப் போகுது" என்று மாமியார் கத்தினாள்.

அவள் போகவில்லை. அவன் உதட்டை நோக்கி விரலை நீட்டினாள். நாத்தனார் அந்த விரலைப் பார்த்தாள், பிறகு உதட்டோரம் மினுங்கிய வெண்ணெயை.

"அண்ணி என்னண்ணா சொல்றாங்க?"

அவன் வாயைத் திறக்கவில்லை. குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது கொட்டாவி விட்டு நெளிந்தது. பொத்தியிருந்த சின்னக் கை விரிந்து, அவன் உதட்டை நோக்கி எழுந்தது.