அன்பளிப்பு அல்ல

அத்தான் வங்கிக் கணக்குத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ஊராருக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. மனைவியின் தங்கையிடம் மட்டும் கூலி வாங்க மாட்டார். கிண்டல் செய்து கழித்துக்கொள்வார்.

"மெக்கானிக்கம்மா, ஆஸ்பத்திரி சம்பளம் சரியா இருக்கு. வரியை அவங்களே பிடிச்சுட்டாங்க. இதெல்லாம் யாரு?"

அவர் விரல் வைத்த இடமெல்லாம் ஒரே மாதிரி குறிப்பு. அக்காவுக்கு. சித்திக்கு. அக்காவுக்கு நன்றி.

பகலில் அவள் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருப்பாள். மாலையில் வீட்டில் தையல் மிஷின் பழுதுபார்ப்பாள். மிஷின் கொண்டுவருகிறவர்கள் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை; அக்கா, சித்தி என்பார்கள். பணம் அனுப்பும்போதும் அப்படித்தான்.

"ரிப்பேர் காசு அத்தான்."

"அது நமக்குத் தெரியும். பேப்பர்ல பாரு, எல்லாரும் சொந்தக்காரங்க. சொந்தக்காரங்க குடுத்த அன்பளிப்புன்னு போட்டுடறேன். வரி கிடையாது."

"எனக்குத் தம்பியே கிடையாதே."

"இப்ப ஊர் முழுக்க இருக்காங்க. சந்தோஷப்படு."

அடுக்களையில் அக்கா சிரித்தாள். தங்கைக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

தெருமுனையில் ஓர் அறை வாடகைக்கு இருந்தது. அகலக் கதவு, நல்ல வெளிச்சம். வீட்டிலோ கட்டிலுக்கு அடியிலும் மிஷின்கள். அறையை எடுக்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கிக்காரர் சொன்னார்: "நீங்க தொழில் பண்றதா எங்கயும் பதிவே இல்லையே. தொழில் வருமானம் காட்டின வரிக் கணக்கு கொண்டு வாங்க, பார்க்கலாம்."

"தொழில்னு போடுங்க அத்தான்."

"சம்பளத்தோட சேர்த்துக் கணக்குப் போடுவாங்க. வரி எகிறும். பெல்ட், ஆயில் வாங்கின பில் இருந்தா கழிச்சுக்கலாம். இருக்கா?"

இல்லை. கடைக்காரர் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

"அப்ப வந்தது மொத்தமும் லாபம்னு நிக்கும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுதான் வந்தேன்."

அக்கா கையைத் துடைத்தபடி வந்தாள். "ஏன்டி, அவர் உன் நல்லதுக்குத்தானே சொல்றார்? வலியப் போய் யாராவது வரி கட்டுவாங்களா?"

"அன்பளிப்புன்னு எழுதினா நான் சும்மா உக்காந்து வாங்கின மாதிரி ஆயிடும்க்கா. இடுப்பு ஒடிஞ்சது யாருக்கு?"

அத்தான் கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

அவள் தொகைகளை வாசித்தாள். அவர் பதிந்தார். 'சித்திக்கு' என்ற ஒன்றில் அவள் நிறுத்தினாள்.

"இதைச் சேர்க்காதீங்க. இது உங்க பொண்ணு என் பிறந்தநாளுக்கு அனுப்பினது."

"அவகிட்ட மிஷினே கிடையாது, ஆமா," என்றார் அத்தான். தாளில் அந்தக் குறிப்பின் மேல் கோடு போட்டார்.

கடைசியில் திரையில் வந்த வரி அவள் நினைத்ததைவிட அதிகம். அறைக்கு முன்பணமாகச் சேர்த்துவைத்ததில் பாதி போய்விடும். இரண்டு முறை பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து வரியைக் கட்டினாள்.

"கணக்கை அனுப்பட்டுமா? அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"அனுப்புங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனாள். வங்கிக்காரர் வரிக் கணக்கு அனுப்பிய ரசீதை நிதானமாகப் படித்தார். கடன் விண்ணப்பத்தை எடுத்து வைத்தார்.

"தொழில் எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

"ஆரம்பிச்சாச்சு சார்," என்றாள். "இடம்தான் வேணும்."