நுனி கிள்ளிய செண்பகம்

கீழ்வானில் செம்மை படரும் வேளையில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கி நீண்டோடும் பெருவழியின் இருமருங்கும் மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லைகள் காற்றில் அலைய, இரவெல்லாம் உறங்காத சரக்கு வண்டிகள் உறுமிக் கடக்க, தொலைவில் மயிலம் குன்று தன் கோயிலைத் தலையில் சுமந்து, வழக்கில் இரு தரப்பையும் நம்பாத நடுவனைப்போல் அசையாது அமர்ந்திருக்கும். அழகிய நிலந்தான், ஆயினும் அழகிய நிலத்தில் அழகிய நெஞ்சங்களே வாழும் என்று எண்ணிவிடாதீர், கற்றறிந்த பெரியீர்! அப்பெருவழியை விட்டொதுங்கிய திண்டிவனத்துத் தெருவொன்றில், உடன்பிறந்தார் இருவர் பங்கு பிரித்துக் கட்டிய இரு வீடுகளும், அவற்றின் பின்னே முழங்காலளவுச் சுவரொன்றால் பிளவுண்ட தோட்டமும் உண்டு. சுவருக்கு இப்பால் மூத்தவன் மனைவி பூமாலை. அப்பால் இளையவன் மனைவி கலையரசி.

செண்பக விதையின் சிவந்த தோலைத் தேய்த்துக் கழுவி, மணலில் ஊன்றி, முளைத்ததை நிழலிட்டுக் காத்து, ஆண்டுகள் பல நீர்வார்த்துப் பூமாலை வளர்த்த மரம், கூரையைக் கடந்து ஓங்கி, கோடையிலும் மழையிலும் ஒருபோலப் பசுமை குன்றாது நின்றது. பூ மட்டும் இல்லை. முதற்பூவை ஆடிக் கிருத்திகையன்று மயிலத்து முருகனுக்குத் தன் கையால் சாத்துவதாகச் சுற்றத்தார் அனைவரிடமும் அவள் சொல்லியிருந்தாள். தொடக்கத்தில் பெருமையாயிருந்த அச்சொல், ஆண்டுகள் ஏற ஏறச் சுமையாயிற்று.

“இன்னாக்கா, உன் மரம் பூக்குமா, இல்ல காக்கா கூடு கட்டத்தானா?” என்பாள் பின்வீட்டு அம்மணி.

“பூக்கும், போடி. வெத போட்டு வந்த மரம், ஜல்தி பண்ணா வருமா?”

இந்நிலையில் கலையரசி ஒட்டுக்கட்டிய செண்பகக் கன்றொன்றை வாங்கிவந்து நட்டாள். இடுப்பளவும் உயராத அது, அடுத்த கோடையிலேயே மொட்டுவிட்டது. கண்டாள் பூமாலை, உமியில் இட்ட நெருப்பைப்போல், புறத்தே சுடர் காட்டாது அகத்தே கனன்றாள். கலையரசி வேலைக்குச் சென்றபின் சுவரைத் தாண்டி, மொட்டோடு அக்கிளையின் நுனியை நகத்தால் கிள்ளி எறிந்தாள். மறுநாள் வேறொரு கிளையின் கொழுந்து. அதற்கடுத்த நாள் மற்றொன்று. தன் மரத்துக்கு நீர் ஊற்ற மறந்த நாளுண்டு. இதை மறந்த நாளில்லை.

ஆனால் மரத்துக்கு உள்ளம் தெரியாது. விரல் மட்டுமே தெரியும். கிள்ளிய இடந்தோறும் ஒன்றுக்கு மூன்றாகக் கிளை வெடித்து, கோடைமழை பெய்து ஓய்ந்ததும் குடைபோல் அடர்ந்து, கணுதோறும் மொட்டு வைத்தது அக்கன்று. கிருத்திகைக்கு முந்தின நாள் மாலை அவையெல்லாம் பொன்னிறமாய் விரிய, மணம் சுவரேறி வந்து பூமாலையின் அடுக்களைக்குள் புகுந்தது. மணத்தின் பின்னே கலையரசியும் வந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். நீங்கதான் தெனம் வந்து நுனிய கிள்ளிக்கினு இருந்தீங்களாம். அம்மணி பார்த்துச்சாம்.”

பூமாலையின் கையிலிருந்த கரண்டி அசைவற்று நின்றது.

“மொத மொட்ட வுடக்கூடாது, கொழுந்த கிள்ளி வுட்டாதான் கிளைக்கும்னு நர்சரிக்காரரு படிச்சிப் படிச்சி சொன்னாரு. எனக்குக் கையே வரலக்கா. ஒரு வார்த்த சொல்லாம நீங்க பண்ணிக்கினு இருந்திருக்கீங்களே!”

“இன்னா பெரிய வேல அது” என்றாள் பூமாலை. அவள் குரல் அவளுக்கே அயலாய் ஒலித்தது.

“மொதப்பூ உங்க கையாலதான் சாமிக்குப் போவணும். நாளைக்கு ரெண்டு பேரும் பஸ்ஸுல போய்ட்டு வந்துடலாம்.”

மறுநாள், காவடிகளும் வியர்வையும் நெருங்கிய மயிலத்துச் சந்நிதியில், பூத்தட்டை வாங்கிய பூசகர் ஒரு நொடி நின்று முகர்ந்தார். “யார் வீட்டுப் பூம்மா? வாசன தூக்குதே!”

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சளவு பொழுது இருந்தது. பூமாலை அதனை நழுவவிட்டாள்.

“எங்க வீட்டு மரமுங்க” என்றாள்.

அருகில் நின்ற கலையரசி முகம் சுளிக்கவில்லை. “ஆமா சாமி. அக்கா வளத்ததுதான்” என்றாள்.

பூக்கள் முருகன் மார்பில் ஏறின. சுற்றத்தாரிடம் சொன்ன சொல் பழுதின்றி நிறைவேறிற்று. பறிக்க வந்த கையிலே பொருளை வைத்துக் கொடுத்துவிட்டால், அந்தக் கைக்கு வெட்கத்தைத் தவிர வேறென்ன எஞ்சும்? பூமாலை அழவில்லை, தன் பிழையை ஒப்பவுமில்லை. கூட்டத்தோடு குன்றின் படிகளில் இறங்குகையில், முன்னே சென்ற கலையரசியின் கூந்தலை நோக்கினாள். அங்கே ஒரு பூவும் இல்லை. அத்தனையும் கொடுத்துவிட்டுத் தனக்கென ஓர் இதழும் வைத்துக்கொள்ளாமல் அவள் கைவீசி நடந்துகொண்டிருந்தாள்.

அன்பு பொறாமையைக் கரைக்கும் என்பர். கரைப்பதில்லை, இடம் மாற்றிவைக்கிறது. மரத்தின்மேல் இருந்தது அன்று மரத்தைவிட்டு எழுந்து, பூவில்லாத அந்தக் கூந்தலின்மேல் சென்று அமர்ந்தது. கிளையாயின் கிள்ளி எறியலாம். அக்கொடை நெஞ்சுக்கு நுனியும் இல்லை, கணுவும் இல்லை. பூமாலையின் நகங்கள் படிநெடுகத் தன் உள்ளங்கையையே கிள்ளிக்கொண்டு வந்தன.